கொயோட்டிக்கு வைத்த பெட்டி, வந்ததெல்லாம் மான்: நான்கு வருட அனுபவம்

ஆட்டைத் தூக்கும் கொயோட்டிகளைச் சத்தம் போட்டு வரவழைக்கும் இந்த அழைப்புப் பெட்டியை வாங்கி நான்கு வருடம் ஆகிறது. இத்தனை நாளில் அதன் சத்தத்துக்கு என் கண் முன்னால் வந்து நின்ற கொயோட்டிகள் 11. மான்களை 60 வரை எண்ணினேன், அப்புறம் விட்டுவிட்டேன். வாங்க நினைக்கிறவர்கள் முதலில் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ளட்டும். பெட்டியின் அட்டையில் பல்லைக் காட்டும் கொயோட்டியின் படம்தான் இருக்கிறது. மான் படம் எங்கேயும் இல்லை.

டெக்ஸஸ் ஹில் கண்ட்ரியில், லானோ கவுண்டியில், எங்களுக்கு ஒரு சின்ன ஆட்டுப் பண்ணை. 35 வெள்ளாடு. இங்கே வந்த இரண்டாவது வருடம் ஒரே வாரத்தில் 5 குட்டிகள் போயின. கழுத்தில் இருந்த கடியைப் பார்த்த பக்கத்துப் பண்ணைப் பெரியவர் "கையோட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இங்கே பழைய ஆட்கள் கொயோட்டியை அப்படித்தான் சொல்வார்கள். நம் ஊர்க் குள்ளநரிக்குப் பங்காளி முறை, உருவத்தில் கொஞ்சம் பெரிசு. டெக்ஸஸில் அதற்கு வேட்டைக் காலம் என்று எதுவும் கிடையாது, இத்தனைதான் சுடலாம் என்ற வரம்பும் கிடையாது. ஆடு வளர்க்கிறவர்கள் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு அழைப்புக் கருவி கிடக்கும். பெரியவரிடம் இருந்தது வாயில் வைத்து ஊதுகிற பழைய குழல். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மார்பிள் ஃபால்ஸில் 1950களிலேயே பர்ன்ஹாம் சகோதரர்கள் இந்தக் குழல்களைச் செய்து விற்றுப் பேர் வாங்கியவர்கள். எனக்கு ஊத வரவில்லை. வாத்து கத்துவது போல ஒரு சத்தம்தான் வந்தது. அதனால் 280 டாலர் கொடுத்து மின்சாரப் பெட்டி வாங்கினேன்.

பெட்டி என்ன செய்யும் என்று தெரியாதவர்களுக்கு: லவுட்ஸ்பீக்கர், நிறைய ஒலிப்பதிவுகள், கையில் ஒரு ரிமோட், அவ்வளவுதான். முயல் அலறல், மான்குட்டி அலறல், கொயோட்டி ஊளை, கொயோட்டிக் குட்டி அடிபட்டுக் கத்துவது, பறவை, எலி என்று வரிசையாக இருக்கும். பெட்டியைப் புதர் ஓரத்தில் வைத்துவிட்டு 40, 50 கெஜம் தள்ளி, காற்று நம் முகத்தில் படுகிற மாதிரி மறைந்து உட்கார வேண்டும். 20 நிமிடம் பார்ப்பது, வரவில்லையென்றால் இடத்தை மாற்றுவது.

முதல் முறை உட்கார்ந்தது ஜூன் மாதம், காலை ஆறரை மணி. எதுவும் தெரியாமல் மான்குட்டி அலறலைப் போட்டேன். முப்பது விநாடிகூட ஆகியிருக்காது. சீடர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண் மான் நேராகப் பெட்டியை நோக்கி ஓடி வந்தது. தயக்கம் இல்லை, மோப்பம் பிடிக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று முன்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. காது இரண்டும் முன்னால், கழுத்து நீண்டு. நான் பதறி ரிமோட்டில் எதையோ அழுத்தினேன், சத்தம் கூடிவிட்டது. அது பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒருவழியாக நிறுத்திய பிறகும் பத்து நிமிடம் அங்கேயே நின்று புதரைத் துழாவியது. எனக்கு அன்று கொயோட்டி ஞாபகமே போய்விட்டது. தாயிடம் பொய் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தேன்.

பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். "ஜூன்ல அதைப் போட்டா அதுதான் வரும் தம்பி." சரிதான். இங்கே வெள்ளைவால் மான்கள் நவம்பர் முதல் பாதியில் இணைகின்றன, சினைக்காலம் ஏறக்குறைய 200 நாள். ஆக, மே கடைசியிலிருந்து ஜூன் பாதிவரை காடு முழுக்கக் குட்டிகள். முதல் சில வாரம் குட்டி புல்லுக்குள் அசையாமல் படுத்துக் கிடக்கும், தாய் கொஞ்சம் தள்ளி மேய்ந்துகொண்டு பால் கொடுக்க மட்டும் வந்துபோகும். அந்த நேரத்தில் அலறல் கேட்டால் ஓடி வராமல் என்ன செய்யும்? இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை என்று முயல் சத்தத்துக்கு மாறினேன்.

ஆச்சரியம் அங்கேதான் ஆரம்பித்தது. முயல் அலறலுக்கும் மான் வந்தது. ஜூன் மாதம் முழுக்க உட்கார்ந்த 9 காலையில் 6 காலை மான்தான் முதலில் வந்தது. ஒருநாள் கொயோட்டிக் குட்டி வலியில் கத்தும் பதிவைப் போட்டேன். குட்டியின் சத்தம் கேட்டு ஊர்க் கொயோட்டிகள் ஆத்திரத்தோடு வரும் என்பது கணக்கு. வந்தது இரண்டு பெண் மான். எந்த மிருகம் மான்குட்டியைத் தின்கிறதோ அதன் குட்டி அழுகிறது, அதற்கும் மான் ஓடி வருகிறது. அன்று மாலை முழுக்க மனைவியிடம் இதையேதான் பேசிக்கொண்டிருந்தேன். "குழந்தை அழுதா யார் குழந்தைன்னு பார்த்துட்டா ஓடுவாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

அவள் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே ஓர் ஆய்வு சொல்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. கனடாவின் வின்னிபெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் லிங்கிள், டோபியாஸ் ரீட் என்பவரோடு சேர்ந்து 2014இல் வெளியிட்டது. புல்வெளியில் ஒலிபெருக்கியை ஒளித்துவைத்துப் பல மிருகங்களின் குட்டிகள் அலறும் சத்தத்தை மான்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். மர்மோட் என்ற பெரிய அணில் இனம், பூனை, கடல்நாய், மனிதக் குழந்தை, வௌவால்கூட. வெள்ளைவால் மானும் சரி, அமெரிக்க மேற்கில் இருக்கும் பெரிய காது மியூல் மானும் சரி, தாய்கள் ஒலிபெருக்கியைத் தேடி வந்திருக்கின்றன. ஒரே நிபந்தனை, சத்தத்தின் சுருதி மான்குட்டியின் சுருதிக்கு அருகில் இருக்க வேண்டும். வௌவால் குட்டியின் சத்தம் மான்குட்டியின் சத்தத்தைவிட ரொம்ப உயரம். அதைக் கீழே இறக்கிப் போட்டதும் வந்துவிட்டன. அதே சுருதியில் வேறு மாதிரியான சத்தம் போட்டால் வரவில்லை. வேட்டை மிருகத்தின் சத்தத்துக்கும் வரவில்லை.

இதைப் படித்ததும் என் பெட்டியில் இருந்த பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தேன். சிறிய காட்டன்டெயில் முயலின் கீச்சு மிக உயரம், பெரிய ஜாக் முயலின் அலறல் இன்னும் கீழே, கரகரப்பாக. கொயோட்டிக் குட்டி நடுவில் எங்கேயோ. என் நோட்டில் மான் வந்ததாக எழுதியிருந்த பதிவுகள் எல்லாம் மான்குட்டி அலறலுக்குப் பக்கத்தில்தான் இருந்தன. காது கணக்குதான், கருவி வைத்து அளக்கவில்லை. ஆனால் ஜூன் மாதம் ஜாக் முயலுக்கு மாறியபின் மான் வரத்து பாதியாகக் குறைந்தது உண்மை. பெட்டியின் பட்டியலில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்பது மானுக்குத் தெரியாது. அழுகையின் சுருதிதான் அதற்குப் பெயர்.

கொயோட்டி ஊளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் கேட்பது அதுதான். ஊளை போட்டால் மான் ஓடிவிடாதா? ஓடாது. ஜனவரியில் ஓட்ஸ் பயிரில் 14 மான் மேய்ந்துகொண்டிருக்கும்போது தனிக் கொயோட்டியின் ஊளையைப் போட்டேன். எல்லாத் தலையும் நிமிர்ந்தன. ஒரு நிமிடம் அந்தத் திசையைப் பார்த்தன. அப்புறம் ஒவ்வொன்றாகக் குனிந்து மேய ஆரம்பித்தன. ஒரு கிழ மான் மட்டும் பார்வையை எடுக்கவே இல்லை. தினமும் இரவில் கேட்கிற சத்தம், இத்தனை தூரத்தில் நின்று கத்துகிறவன் இப்போது வேட்டையில் இல்லை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கும் என்பது என் ஊகம். நான் அசைந்தேன், அதற்குத்தான் ஓடின.

மேற்கு டெக்ஸஸில் மியூல் மான் இருக்கும் பக்கம் இந்தப் பெட்டியைக் கொண்டுபோகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வேறு தாயின் குட்டியை, ஏன் வெள்ளைவால் மான் குட்டியைக்கூடக் காப்பாற்றக் கொயோட்டி மேல் பாயும் இனம் அது. இதையும் லிங்கிள் குழுவினர் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள்.

எங்கள் பக்கம் இன்னொரு விருந்தாளி உண்டு. புள்ளிமான். ஆமாம், நம் முதுமலைப் புள்ளிமானேதான். 1932இல் டெக்ஸஸுக்குக் கொண்டுவந்தார்கள், வேலி தாண்டி இப்போது ஹில் கண்ட்ரி முழுக்க அலைகின்றன. வெள்ளைவால் மான் போல இதற்குக் குட்டி போடப் பருவம் கிடையாது, எந்த மாதத்திலும் போடும். அதனால் பிப்ரவரியில் முயல் அலறலுக்கு ஒரு புள்ளிமான் வந்து நின்றபோது நான் ஆச்சரியப்படவில்லை. அது என்னைக் கண்டுகொண்டு எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும்தான் ஒரு நிமிடம் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்தது. சுற்றிலும் சப்பாத்திக்கள்ளி வேறு. கள்ளி இங்கிருந்து நம் ஊருக்குப் போனது, மான் அங்கிருந்து இங்கே வந்தது.

சரி, மான் வந்தால் வேட்டைக்கு நல்லதா, கெட்டதா? இரண்டும் பார்த்திருக்கிறேன். கொயோட்டி நேராக வராது. காற்றுக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடித்துவிட்டுத்தான் முகத்தைக் காட்டும். அது வரும்போது பெட்டிக்குப் பக்கத்தில் மான் நின்றால் சந்தேகம் குறைகிறது போலத் தெரிகிறது. நான் பார்த்த 11இல் 4 அப்படி வந்தவை. ஆனால் மான் நம்மைப் பார்த்துவிட்டு மூக்கால் ஒரு சீறல் விட்டு வாலைத் தூக்கிக் காட்டிவிட்டால் அந்த இடம் அன்றைக்கு முடிந்தது, எழுந்து வீட்டுக்குப் போகலாம். மான் இடையில் நிற்கும்போது சுடவும் முடியாது, சுடவும் கூடாது. வந்த 11இல் நான் சுட்டது 3தான். மான் வந்துவிட்டால் சத்தத்தை நிறுத்துங்கள், அசையாதீர்கள், அதுவாகப் போகட்டும். ஜூன் மாதம் மான்குட்டி அலறலை நான் இப்போது போடுவதே இல்லை. கொயோட்டி வரும் என்று எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் அந்தப் பத்து நிமிடம் தாய் தன் நிஜக் குட்டியை எங்கேயோ தனியாக விட்டுவிட்டு என் பெட்டியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பசித்த கொயோட்டி இருக்கிறது என்பது தெரிந்துதானே நான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

ஒரு தடவை பெட்டியை எடுக்க எங்கள் வீட்டு நாயோடு போனேன். ஏற்கெனவே வந்து போன பெண் மான் புதருக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறது. நாயைக் கண்டதும் பாய்ந்தது. முன்னங்கால் இரண்டாலும் அடித்த அடியில் நாய் கத்திக்கொண்டு என் காலுக்குள் புகுந்தது. விலாவில் வீக்கம், கால்நடை மருத்துவரிடம் 190 டாலர். அதன் பார்வையில் என் நாயும் ஒரு கொயோட்டிதான்.

இனி பெட்டியின் குறைகள். ரிமோட் திறந்த வெளியில் நன்றாக வேலை செய்கிறது, சீடர் அடர்த்தியில் 60 கெஜம் தாண்டினால் திணறுகிறது. சத்தத்தை நிறுத்த முடியாமல் ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன். பேட்டரி மூடியின் கொக்கி ஒரே வருடத்தில் உடைந்தது, டக்ட் டேப்பில்தான் இப்போது நிற்கிறது. இரண்டாவது கோடையில் நெருப்பெறும்பு பேட்டரிப் பெட்டிக்குள் குடித்தனம் வைத்துவிட்டது. விற்ற நிறுவனத்துக்கு எழுதினேன், எறும்பு உத்தரவாதத்தில் வராது என்று பதில் வந்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது. கூடவே தரும், தானாக அசைகிற ரோமப் பொம்மையை ஓர் ஆந்தை தூக்கிக்கொண்டு போய்விட்டது, திருப்பித் தரவில்லை. ஒலிப்பதிவுகளின் தரத்தில் மட்டும் குறை சொல்ல மாட்டேன். அதற்குச் சாட்சி மான்கள்.

ஆடு விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். இரண்டு கிரேட் பிரனீஸ் காவல் நாய்களும் தாழ்வான மின்வேலியும் வந்த பிறகு ஒரே ஒரு குட்டிதான் போனது. அந்தப் பணத்தை முதலிலேயே அங்கே போட்டிருக்கலாம். ஆடு காக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நாய் வாங்குங்கள். காட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையென்றால் பெட்டிக்கு 5க்கு 4 கொடுப்பேன்.

போன ஜூனில் தங்கை மதுரையிலிருந்து ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒரு சாயங்காலம் தாழ்வாரத்தில் குழந்தை பசியில் வீறிட்டு அழுதது. தங்கை உள்ளேயிருந்து வருவதற்குள் மனைவி என் தோளைத் தட்டி வேலிப் பக்கம் காட்டினாள். ஒரு பெண் மான், காது இரண்டும் எங்கள் பக்கம், முன்னங்கால் ஒன்று பாதி தூக்கியபடி. பெட்டி அன்று ஷெட்டில் பேட்டரி இல்லாமல் கிடந்தது. குழந்தை பால் குடிக்க ஆரம்பித்து அழுகை அடங்கியதும் அது இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, ஓக் மரங்களுக்குள் நடந்து போனது.