பட்டியலில் ஏறாத புத்தகங்களும் அவை கொண்டுவந்த வாசகர்களும்

லைப்ரரிதிங்கைப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். சொந்தப் புத்தகங்களைப் பட்டியலிட எந்தத் தளம் நல்லது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் சொல்லும் காரணம் மாறிவிட்டது. முதலில், ஏற்கெனவே இருக்கிற புத்தகத்தையே மறுபடி வாங்காமல் தப்பிக்கலாம் என்பேன். இப்போது, நம்மைப் போலவே கிறுக்குப் பிடித்த இன்னொரு வாசகர் எங்கேயோ இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும் என்கிறேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்படிப்பட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவை, பட்டியலில் ஏற்றுவதற்குள் நம் உயிரை வாங்கிய புத்தகங்கள்தான்.

டிம் ஸ்பால்டிங் 2005 ஆகஸ்டில் தொடங்கிய தளம் இது. 200 புத்தகங்கள் வரை இலவசம், அதற்கு மேல் கட்டணம் என்று நெடுநாள் இருந்தது. 2020இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வாசகர்களுக்கான இன்னொரு தளமான குட்ரீட்ஸ் 2007இல் வந்தது, 2013இல் அமேசான் அதை வாங்கியது. இரண்டிலும் இருந்து பார்த்ததில் எனக்குத் தெரியும் வித்தியாசம் இதுதான்: குட்ரீட்ஸ் ‘என்ன படித்தீர்கள்’ என்று கேட்கிறது, லைப்ரரிதிங் ‘என்ன வைத்திருக்கிறீர்கள்’ என்று கேட்கிறது. வாங்கிக் குவித்துவிட்டுப் படிக்காமல் வைத்திருப்பவர்களுக்கு இரண்டாவது கேள்வி பெரிய நிம்மதி.

புத்தகம் ஏற்றுவது எளிது, பின்னட்டையில் பார்கோடு இருக்கும் வரை. கைபேசிச் செயலியைக் காட்டினால் ஐ.எஸ்.பி.என். என்கிற, புத்தகத்தின் அடையாள எண்ணைப் படித்து, தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிவிடும். இந்தத் தகவலை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்கலாம்: அமேசான் உண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் உட்பட ஏராளமான நூலகங்களும் உண்டு. நூலகங்கள் தங்களுக்குள் பட்டியல் தேட இசட்39.50 என்றொரு நெறிமுறை வைத்திருக்கின்றன. தளம் அதே வழியில் போய் எடுத்து வருகிறது. என் யோசனை, முடிந்தவரை நூலகத்தையே தேர்ந்தெடுங்கள். விற்பனைத் தளத்துத் தகவலில் தலைப்போடு விளம்பர வாசகமும் ஒட்டிக்கொண்டு வரும். ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கப் பொறுமை வேண்டும்.

ஆங்கிலப் புத்தகங்களில் முக்கால்வாசி இப்படிச் சட்டென்று ஏறிவிட்டன. தமிழ்ப் புத்தகங்களுக்கு வந்தபோதுதான் வேலை என்றால் என்னவென்று தெரிந்தது.

ஐ.எஸ்.பி.என். முறையே 1970 வாக்கில்தான் சர்வதேச அளவில் நிலைபெற்றது. அதற்கு முந்தையவற்றில் எண் இருக்க வாய்ப்பில்லை, அதற்குப் பிந்தைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றிலும் இல்லை. இருக்கிற சிலவற்றில் பழைய எண்ணை வேறொரு புத்தகத்துக்கும் போட்டுவிட்டிருப்பார்கள்; கவிதைத் தொகுப்பை ஸ்கேன் செய்தால் சுயமுன்னேற்ற நூல் வந்து நிற்கும். சரி, தலைப்பை வைத்துத் தேடலாம் என்றால் அங்கே வேறு சிக்கல். வெளிநாட்டு நூலகங்கள் தமிழ்த் தலைப்புகளை ரோமன் எழுத்தில் பதிந்து வைத்திருக்கின்றன. நாம் குறுஞ்செய்தியில் அடிக்கிற மாதிரி இல்லை, எழுத்துக்கு எழுத்து விதிப்படி. அந்த முறையில் ‘ச’ எப்போதும் ‘சி’ என்ற ஆங்கில எழுத்துதான், ‘எஸ்’ கிடையாது. ‘கங்கை’யைத் தேட வேண்டுமானால் இரண்டு இடத்திலும் ‘கே’ போட வேண்டும், ‘ஜி’ போட்டால் கிடைக்காது. ட, த, ப மூன்றுக்கும் இதே கதை: ஒலிப்பு எப்படி இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். இந்தச் சூத்திரம் பிடிபட்ட பிறகு, இல்லவே இல்லை என்று விட்டுவைத்திருந்த பல புத்தகங்கள் நூலகப் பட்டியல்களிலிருந்து வந்து விழுந்தன.

வந்து விழுந்ததை அப்படியே விடக்கூடாது. தலைப்பைத் தமிழில் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நம் பட்டியலை நாமே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும். ஆசிரியர் பெயர்தான் இன்னும் தொல்லை. இந்தத் தளங்களின் ஏற்பாடு குடும்பப் பெயர் முன்னால், காற்புள்ளி, அப்புறம் சொந்தப் பெயர். நம் எழுத்தாளர்களின் பெயரில் முன்னால் நிற்பது தந்தையின் தலைப்பெழுத்தோ ஊரின் தலைப்பெழுத்தோ, சில சமயம் இரண்டுமோ. புனைபெயராக இருந்தால் பிரிக்கவே இடம் இருக்காது. நான் கடைப்பிடிக்கும் வழி: பெயர் முன்னால், தலைப்பெழுத்து காற்புள்ளிக்குப் பின்னால், புனைபெயர் என்றால் பிரிக்காமல் முழுதாக. எந்த வழியானாலும் சரி, முதல் நாளே ஒன்றை முடிவு செய்துகொண்டு அதையே தொடர்வது நல்லது.

ஒரே எழுத்தாளர் தமிழில் ஒரு மாதிரியும் ரோமன் எழுத்தில் நான்கு மாதிரியும் பதிவாகி, ஐந்து பேராகத் தெரிவார். இங்கேதான் லைப்ரரிதிங்கின் ஆகச்சிறந்த ஏற்பாடு கைகொடுக்கிறது. ஒரு படைப்பின் வெவ்வேறு பதிப்புகளையும் மொழிபெயர்ப்புகளையும் ஒரே ‘படைப்பு’ என்று உறுப்பினர்களே இணைக்கலாம். ஆசிரியர் பெயர்களையும் இணைக்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, தவறாக இணைத்துவிட்டால் பிரித்தும் விடலாம். மழைக்கால மாலைகளில் இதைச் செய்துகொண்டிருப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. செய்து பார்த்தவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு விளக்க முடியாது. இப்படி இணைக்காதவரை, அதே நாவலை வைத்திருக்கும் இன்னொருவரும் நீங்களும் தளத்தின் கணக்கில் அந்நியர்கள்தான்.

அதனால்தான் இந்த வேலைக்கும் மனிதர்களைக் கண்டுபிடிப்பதற்கும் தொடர்பு இருக்கிறது என்கிறேன். உங்கள் புத்தகங்கள் வேறு யார் யாரிடம் இருக்கின்றன என்று தளம் ஒரு பட்டியல் தரும். வெறும் எண்ணிக்கைப்படி பார்த்தால் அந்தப் பட்டியலால் பயனில்லை. பெரிய நூலகம் வைத்திருப்பவர்களே மேலே வருவார்கள், பொதுவாக இருப்பவை எல்லோரும் வைத்திருக்கும் புத்தகங்களாக இருக்கும். அரிதான புத்தகத்துக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்து வரிசைப்படுத்தும் வழி ஒன்றும் உண்டு, பார்க்க வேண்டியது அதைத்தான். புள்ளிவிவரப் பக்கத்தில் இன்னொன்றும் இருக்கிறது: உங்களிடமும் இன்னும் ஒரே ஒருவரிடமும் மட்டுமே இருக்கும் புத்தகங்கள். நான் அடிக்கடி போய் நிற்கிற இடம் அது.

எனக்குப் பறவைகளைப் பற்றித் தமிழில் வந்த பழைய நூல்களைச் சேர்க்கும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் சிறு பதிப்பகங்கள், மறுபதிப்பு காணாதவை, எல்லாமே கையால் தட்டச்சு செய்து, அட்டையைப் படமெடுத்து ஏற்றியவை. ஒருநாள் அந்த ‘இன்னும் ஒருவர்’ பட்டியலில் அவற்றில் நான்கைந்து சேர்ந்தாற்போல் தெரிந்தன, எல்லாம் ஒரே உறுப்பினரிடம். அவருடைய பட்டியலில் இருந்த அதே வகை நூல்களில் பாதியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அவருடைய பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன், பதில் வர வாரக்கணக்கில் ஆயிற்று. அன்றிலிருந்து இருவரும் ஒருவருக்கொருவர் விடுபட்ட நூல்களைச் சொல்லி வருகிறோம். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்னும் தெரியாது, கேட்கத் தோன்றவும் இல்லை. நட்சத்திர மதிப்பீட்டை வைத்துத் தானாக வரும் பரிந்துரைகள் எதுவும் இப்படி ஒரு நூலை என்னிடம் கொண்டுவந்ததில்லை. அவை பலர் தொட்ட புத்தகங்களைத்தானே அறியும்.

இதில் குறிச்சொற்களுக்கும் பங்கு உண்டு. ‘நாவல்’, ‘வரலாறு’ என்று பொதுவாகப் போட்டால் யாருக்கும் உதவாது. ‘கிணறு’, ‘ரயில் பயணம்’, ‘சிறுபத்திரிகை மறுபதிப்பு’, ‘கையெழுத்திட்ட பிரதி’ என்று நமக்கே உரிய சொற்களைப் போட வேண்டும். பின்னாளில் தேடும்போது நம் நினைவு அந்த வழியில்தான் போகும். என் சொற்களில் சிலவற்றைப் பார்த்துவிட்டு வந்து பேசியவர்களும் உண்டு. எந்த அலமாரி, யாரிடம் இரவல் போனது போன்றவற்றைக் குறிச்சொல்லாகப் போடாதீர்கள். இரவலுக்குத் தனி வசதி இருக்கிறது, மற்றவர் கண்ணில் படாத தனிக்குறிப்புக்கும் இடம் இருக்கிறது. முழுப் பட்டியலையும் பிறருக்குக் காட்டாமல் வைக்கலாம்தான். ஆனால் அப்புறம் ஆள் யாரும் வந்து சேர மாட்டார்கள்.

ஓய்வு நேரத்தில் பார்க்க ஒரு பகுதி: மறைந்த பிரபலங்களின் நூலகங்களைத் தன்னார்வலர்கள் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். தாமஸ் ஜெஃபர்சன் 1815இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு விற்ற நூலகமும் அதில் உண்டு, மர்லின் மன்றோவின் நூலகமும் உண்டு. இவர்களோடு நமக்கு எத்தனை புத்தகங்கள் பொது என்று பார்க்கலாம். எனக்கு மன்றோவோடுதான் ஒத்துப்போகிறது.

வேறு தளங்கள் வேண்டாமா என்றால், என்ன தேவை என்பதைப் பொறுத்தது. நண்பர்கள் ஏற்கெனவே இருக்கும் இடம் வேண்டுமென்றால் குட்ரீட்ஸ். படித்ததன் கணக்கு, மனநிலை வாரியான வரைபடங்கள், கால் நட்சத்திரம் வரை துல்லியமான மதிப்பீடு இவையெல்லாம் பிடிக்குமென்றால் நாடியா ஒடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப். இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பெட்டியில் கிடக்கும் பழைய புத்தகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதும் ஆசை இருப்பவர்களுக்குத்தான் லைப்ரரிதிங்.

எதில் ஏற்றினாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஷெல்ஃபாரி என்ற தளத்தை 2008இல் அமேசான் வாங்கியது, 2016இல் மூடியது. குட்ரீட்ஸுக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள். தரவிறக்கிய கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கித் திறக்க வேண்டாம். தமிழ் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம், பதின்மூன்று இலக்க ஐ.எஸ்.பி.என். எல்லாம் 9.78E+12 என்று சுருங்கி நிற்கும், பத்து இலக்க எண்களில் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை. வெற்று விரிதாளைத் திறந்து, தரவை உள்ளிடும் வழியாகக் கோப்பைக் கொண்டுவந்து, எழுத்துக் குறியாக்கம் (encoding) யு.டி.எஃப்-8 (UTF-8) என்றும் எண் இருக்கும் நெடுவரிசை ‘உரை’ என்றும் குறித்தால் எல்லாம் முழுசாக வந்து சேரும்.