யாழ்ப்பாணத்தில் ஆடை, புடவைத்துறைப் படிப்பு: காசு கட்ட முன்னம் வாசியுங்கள்

யாழ் நகரத்தில் ஒரு சமூகக் கல்லூரியில் இந்தப் படிப்பை இந்த வருடம்தான் முடித்தேன். பெயர் போடவில்லை, ஏனென்றால் கொஞ்சம் குறையும் சொல்லப்போகிறேன், படிப்பித்தவர்களோ நல்ல மனிதர்கள்.

முதலில் நல்லது. துணியைப் பற்றிப் படிப்பித்த பாடத்துக்காக மட்டுமே கட்டின காசு சரி என்பேன். ரீச்சர் நவீன சந்தையில் வாங்கின வெட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் இரண்டு இழை உருவி, சாவணத்தால் பிடித்து நெருப்பில் காட்டுவா. கொட்டன் கடதாசி எரிகிற மணத்தோடு எரிந்து, தொட்டால் உதிர்கிற சாம்பலாகும். பொலியெஸ்டர் சுருங்கி உருகி, ஆறினதும் கறுப்பாய்க் கட்டியாக நிற்கும். பட்டு என்றால் தலைமயிர் கருகுகிற மணம். 'சுத்தக் கொட்டன்' என்று விற்ற ஒரு துண்டு எரிந்து முடிய நுனியில் கட்டி விழுந்தது, வகுப்பே சிரித்தது. கலப்புத் துணி. அன்றிலிருந்து கடைக்காரர் சொல்வதை அப்படியே நம்புவதில்லை.

அதே பாடத்தில்தான் பாவு, ஊடை விளங்கியது. கரைக்குச் சமாந்தரமாக ஓடுகிற பாவு நூல் இழுபடுவது குறைவு, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் கொஞ்சம் இளகும், 45 பாகை சரித்து இழுத்தால் நன்றாக இழுபடும். நூலோட்டம் பார்க்காமல் வெட்டின பாவாடை இரண்டு தோய்ச்சலில் ஒரு பக்கமாகத் திருகிப்போவது ஏன் என்று இதைத் தெரிந்தால்தான் பிடிபடும். கொட்டனை நனைத்துக் காயவைத்துப்போட்டு வெட்டச் சொல்வதும் சும்மா இல்லை, முதல் தோய்ச்சலிலேயே சுருங்கிவிடும். தையல்கடையில் வேலை பழகினால் கை பழகும், ஆனால் இந்தக் காரணங்களை அங்கே யாரும் இருந்து சொல்லித்தர மாட்டார்கள்.

இனி மெஷின் அறை. பாதிக்கு மேல் வீட்டு மெஷின்கள், ஒன்றுக்கு நாலு பேர், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லொக் மெஷின் பழுதாகி அப்படியே கிடந்தது, கேட்டால் திருத்த ஆள் வரவேண்டும் என்றார்கள். இது சின்ன விசயம் இல்லை. கிளிநொச்சி, வவுனியாப் பக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே இருப்பதெல்லாம் தொழிற்சாலை மெஷின், நிமிடத்துக்கு 4000, 5000 தையல் ஓடக்கூடியது. வீட்டு மெஷினில் பழகின கால் அதில் பெடலை மிதித்தால் துணி கையை விட்டே ஓடிவிடும்.

இன்னொரு குறை, அளவு வரைபடமெல்லாம் வெளிநாட்டு கவுனும் ஷேர்ட்டும்தான். சாறி பிளவுஸ் கடைசியில் அவசரமாக முடிந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கும் கலியாணக் காலத்துக்கும் இங்கே வீட்டில் தைக்கிறவர்களுக்கு வருமானமே பிளவுஸில்தான், கக்கத்து வெட்டுப் பிழைத்தால் அந்த வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டா. அதை நான் பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் பழகினேன்.

சேர விரும்பினால் மெஷின் அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் கிடைக்குமா, எத்தனையாம் மட்டம் என்று எழுத்தில் கேளுங்கள். மட்டம் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். எங்கள் விளம்பரத்தில் 'அங்கீகரிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது, யார் அங்கீகரித்தது என்று இல்லை. அப்புறம், நல்ல கத்தரிக்கோல் ஒன்றை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே இருப்பது கடதாசி வெட்டி வெட்டி மொட்டையாகிப்போனது.