பழைய டெஸ்க்டாப்புக்கு முன்பக்கம் யூஎஸ்பி 3.0: கன்வெர்ட்டரா, கார்டா, ஹப்பா?

எச்61 என்ற பழைய இன்டெல் சிப்செட் உள்ள மதர்போர்டு போட்ட ஐ3, ஐ5 கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டால் அன்றாட வேலைக்கு நன்றாகவே தாங்கும். படுத்துவது முன்பக்க யூஎஸ்பிதான். அந்தத் தலைமுறை இன்டெல் சிப்செட்டில் 3.0 கிடையாது, 2012இல் வந்த 7 வரிசையில்தான் சேர்த்தார்கள். 20 ஜிபி கல்யாண வீடியோவை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்ற, யூஎஸ்பி 2.0இல் நொடிக்கு 35 எம்பி கணக்கில் பத்து நிமிடம் ஆகிவிடும். அதே டிஸ்க்கை 3.0இல் செருகினால் மூன்று நிமிடம் போதும்.

கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது, போர்டிலுள்ள 9 பின் ஹெடரை (முன்பக்க போர்ட்டின் கேபிள் வந்து மாட்டும் இடம்) 3.0க்கான 19 பின்னாக மாற்றும் சின்ன கன்வெர்ட்டரைத்தான். விலை குறைவு, மாட்டுவது சுலபம், கேபினெட்டின் நீல (3.0) போர்ட்டும் வேலை செய்யும், ஆனால் 2.0 வேகத்தில். 3.0க்கு வேண்டிய கூடுதல் கம்பிகளுக்கு அந்தப் பழைய ஹெடரில் சிக்னலே இல்லாதபோது வேகம் எங்கிருந்து வரும்? கீபோர்டு, மவுஸ் செருக வேண்டுமானால் வாங்குங்கள், வேகத்துக்கு என்றால் காசு வீண்.

என் ஓட்டு மதர்போர்டின் ஸ்லாட்டில் செருகும் பிசிஐஇ கார்டுக்கு. ஆனால் வாங்கும்போது கார்டின் உள்பக்கம் 19 பின் ஹெடர் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், பின்பக்கம் மட்டும் நான்கு போர்ட் உள்ள கார்டு இந்த வேலைக்கு ஆகாது. கேபினெட்டில் நீல போர்ட் இல்லையென்றால் ஃபிளாப்பி இருந்த 3.5 அங்குல இடத்தில் மாட்டும் பேனல் தனியாகக் கிடைக்கிறது. எச்61இன் சின்ன ஸ்லாட் பிசிஐஇ 2.0, நொடிக்கு 500 எம்பி வரை தரும், ஹார்ட் டிஸ்க்குக்கு அது தாராளம். ஜி41 போன்ற இன்னும் பழைய போர்டில் அதில் பாதிதான், அப்படியும் யூஎஸ்பி 2.0ஐ விடப் பல மடங்கு. 10 ஜிபிபிஎஸ் என்று போட்ட கார்டுக்கு இந்த ஸ்லாட்டில் அதிகப் பணம் கொடுக்காதீர்கள், அந்த வேகம் இதில் வராது.

மாட்டும்போது கவனம் வேண்டிய இடம் அந்த 19 பின் கனெக்டர். கேபிள் தடியாக, வளையாமல் நிற்கும். சாய்த்து அழுத்தினால் உள்ளே ஊசி போன்ற பின் மடங்கிவிடும், கழற்றும்போது வெடுக்கென்று இழுத்தால் ஹெடரின் பிளாஸ்டிக் கூடே சேர்ந்து வரும். இரண்டு ஓரமும் பிடித்து, மெல்ல மாற்றி மாற்றி அசைத்து எடுங்கள். கார்டில் சாட்டா அல்லது மோலெக்ஸ் பவர் பின் இருந்தால் அதையும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (பவர் சப்ளை) கொடுத்துவிட வேண்டும், கொடுக்காமல் விட்டால் வெளி டிஸ்க் பாதியில் துண்டித்துத் துண்டித்து வரும். விண்டோஸ் 7க்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும், 8 முதல் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

சரி, ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் ஹப்? எச்81, பி85 போன்ற பிறகு வந்த போர்டு வைத்திருப்பவர்கள் கேபினெட்டைத் திறக்கவே வேண்டாம், பின்னால் நீல போர்ட் ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து தனி அடாப்டர் உள்ள 3.0 ஹப் ஒன்றை மேஜைக்குக் கொண்டுவந்தால் குனியாமல் செருகலாம், நாளைக்குக் கணினியை மாற்றினாலும் கூடவே வரும். இவர்களுக்குக் கார்டைவிட இதுதான் மேல். இடையில் நீளமான மலிவு எக்ஸ்டென்ஷன் கேபிள் மட்டும் வேண்டாம், வேகம் 2.0க்கு இறங்கிவிடும் அல்லது டிஸ்க் அடிக்கடி காணாமல் போகும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ் 790 மாதிரி மெல்லிய பெட்டிகளில் பேனல் மாட்ட இடமே கிடையாது. அங்கே குட்டை பிராக்கெட் உள்ள கார்டைப் பின்னால் போட்டு, ஹப்பை முன்னால் வைப்பதுதான் வழி. இனிமேல்தான் செகண்ட்ஹேண்ட் வாங்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து ஆப்டிபிளெக்ஸ் 7010ஐப் பாருங்கள், முன்னாலேயே இரண்டு 3.0 போர்ட் இருக்கும்.

எதை மாட்டினாலும் பழைய 2.0 போர்ட்டுகளைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். வயர்லெஸ் மவுஸ் ரிசீவரை 3.0 டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகினால் 2.4 கிகாஹெர்ட்ஸ் இரைச்சலில் கர்சர் திக்கும், அதற்கு 2.0தான் சரி. அப்புறம், இந்தப் பழைய போர்டுகளின் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) பலவற்றுக்குக் கார்டில் செருகிய பென்டிரைவ் கண்ணுக்கே தெரியாது, விண்டோஸ் போடப் பழைய போர்ட்தான் வேண்டும்.