மிட்ஜெட் என்ஜினுக்கு எந்தக் காம்சாப்ட்?

பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி. மிட்ஜெட்டின் 1275 சிசி என்ஜினைப் பிரித்துப் போட்டால், வால்வுகளைத் திறக்கும் தண்டான காம்சாப்ட் (காம்) பற்றி இந்தக் கேள்வி வந்தே தீரும்: பழைய காமைக் கிரைண்ட் பண்ணுவதா, கொம்பனி அளவில் புதிது வாங்குவதா, வால்வைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், 266 பாகை, 286 பாகை என்று விற்கும் வேகக் காம்களுக்குப் போவதா? நான் கொம்பனி அளவில் புதிது போட்டேன். வன்னிக்குள் ஓடும் காருக்கு அதையே சொல்வேன்.

கிரைண்டிங் மலிவு. ஆனால் காம் மேட்டின் கடினமான மேற்தோல் போய்விட்டால் அது கன நாள் நிற்காது. பெற்றோல் தடைக்காலத்தில் இங்கே எத்தனையோ என்ஜின்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எரியாத மண்ணெண்ணெய் சம்புக்குள் (என்ஜினின் அடியில் உள்ள ஓயில் தட்டுக்குள்) இறங்கி ஓயிலை நீர்க்கப் பண்ணும், காம் தேயும். பூர்வீகம் தெரியாத காமை நம்பிக் கிரைண்ட் பண்ண எனக்கு மனம் வரவில்லை.

என்னைத் தீர்மானிக்க வைத்தது சுற்றுவேகம். நாலாம் கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுற்றினால் வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீற்றர். ஏ9 வீதியில் 70இல் போனால் என்ஜின் 2800 அளவில்தான் சுற்றும். மாங்குளத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பினால் மாடுகள் குறுக்கே வரும். 30க்கு இறங்கித் திரும்ப இழுக்க வேணும். 286 காம், கலவை உள்ளே வரும் இன்லெற் வால்வைப் பிந்தித்தான் மூடும். என்ஜின் மெல்லச் சுற்றும்போது, மேலேறும் பிஸ்ரன் உள்ளே வந்த கலவையில் கொஞ்சத்தை மனிபோல்டுக்கே திருப்பித் தள்ளிவிடும். அதன் பலம் மேல்சுற்றில். அந்தச் சுற்றுக்கு எங்கள் வீதிகளில் வேலையில்லை. வால்வு ஸ்பிரிங், கார்புரேற்றர் ஊசி எல்லாம் மாற்றச் செலவு வேறு. 286ஐ நான் ஓட்டியதில்லை, நண்பரின் காரில் பக்கத்தில் இருந்து போனேன். நிறுத்தத்தில் அது குலுங்கியது நினைவிருக்கிறது.

266 பரவாயில்லை. கொஞ்சத் தூரம் ஓட்டினேன், ஐடில் சீராக நின்றது. கொழும்புக்கு அடிக்கடி போய்வருபவர் அதை யோசிக்கலாம்.

எதை எடுத்தாலும் முதலே முடிவெடுங்கள். 1275இன் புளொக்கில், காமின் மேல் இருந்து வால்வைத் தள்ளும் ரப்பெற்றுகளை எடுக்கப் பக்க மூடிகள் இல்லை. பிறகு காம் மாற்றுவதென்றால் என்ஜினை இறக்கித் தலைகீழாகக் கவிழ்க்க வேணும், இல்லாவிட்டால் ரப்பெற்றுகள் உள்ளே விழும். புதுக் காமுக்குப் பழைய ரப்பெற் போடவே கூடாது. முதல் ஸ்ராட்டில் ஐடிலில் விடாமல் 2000 சுற்றுக்கு மேலே 20 நிமிடம் ஓட்டுங்கள். ஓயில் 20டபிள்யூ50, காம் தேயாமல் காக்கும் துத்தநாகம் போதியளவு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.