கை முந்துதா, சத்தம் முந்துதா? காணொலி அழைப்பில் மூன்று வருஷ மிருதங்க வகுப்பு

பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டிலிருந்து கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அக்கா மகனுக்கு வாரம் இரண்டு நாள் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறேன், எல்லாம் கைப்பேசியில்தான். வெறும் பேச்சில் தெரியாத பிசகு மிருதங்கத்தில் உடனே மாட்டிக்கொள்ளும். இடது கை தொப்பியில், அதாவது மிருதங்கத்தின் இடது முகத்தில், விழுந்துவிடும். ‘தொம்’ மட்டும் ஆற அமர வரும்.

முதல் வருஷம் முழுக்கச் செயலியைத்தான் திட்டினேன். மூன்று செயலி மாற்றியும் அதே கதை. ஒருநாள் பையன், “மாமா, இன்னிக்குச் சத்தம் முதல்ல வருது, கை அப்புறம் விழுது” என்றான். அதுவரை “சத்தம் லேட்டு” என்றுதான் புலம்புவான். ஆக, நோய் இரண்டு.

சத்தம் பிந்தியதற்குக் காரணம் அவன் காதில் இருந்த புளூடூத். ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபடி விரிப்பதற்குள் 100, 200 மில்லிசெகண்ட் போய்விடும். பத்து ரிங்கிட் கம்பி இயர்போன் போட்டான், தீர்ந்தது.

சத்தம் முந்தியது என் பழைய கைப்பேசியால். அரை மணி நேரத்தில் தோசைக்கல்லாகிவிடும், படத்தைச் சுருக்கத் திணறும். ஒலியும் படமும் தனித்தனிப் பொட்டலங்களாகப் போகின்றன. ஒவ்வொன்றிலும் நேரமுத்திரை உண்டு. அந்த முத்திரையை எண்ணும் கடிகாரம் ஒலிக்குப் பெரும்பாலும் நொடிக்கு 48,000 தடவை துடிக்கும், படத்துக்கு 90,000. இரண்டையும் ஒரே கடிகாரத்தோடு பொருத்தும் குறிப்பு அவ்வப்போது போகும். அதை வைத்து, முந்தி வந்ததை மறுமுனை பிடித்து நிறுத்தும். ஆனால் ஒலியை ரொம்ப நேரம் நிறுத்தினால் உரையாடலே கெட்டுவிடும். அதனால் ஓரளவுக்கு மேல் படத்துக்குக் காத்திராமல் ஒலியைப் போகவிடுகிறது. கைப்பேசியின் உறையைக் கழற்றி மேசை விசிறி முன்னால் வைத்தேன், பெரும்பாலும் சரி.

இரண்டில் எரிச்சலானது சத்தம் முந்துவதுதான். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலில் தள்ளி நின்று உறுமி மேளம் பார்த்தவர்களுக்குத் தெரியும்: 34 மீட்டர் தள்ளியிருந்தாலே குச்சி விழுந்து பத்தில் ஒரு நொடி கழித்துத்தான் சத்தம். அந்தத் தாமதம் நமக்குப் பழக்கம். சத்தம் முந்துவதை எங்கே பார்த்திருக்கிறோம்? உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் தந்த பரிந்துரையும் இதைத்தான் காட்டுகிறது. ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோமாம். பிந்தினால் 125 வரை தெரியாதாம்.

இப்போது வகுப்புக்கு முன் கேமரா எதிரே ஒரு கைதட்டு. எது முந்துகிறது என்று பையன் சொல்வான், அதற்கேற்ற வைத்தியம்.

சேர்ந்து வாசிப்பது மட்டும் இன்னும் நடக்கவில்லை. உதடும் குரலும் பொருந்தினாலும் அவன் போடும் தாளம் இங்கே வந்து, என் அடி அங்கே திரும்புவதற்குள் ஆதி தாளம் நழுவிவிடும். நான் ஒரு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் ஒரு சுற்று, வாசிப்பேன், அவன் திருப்பி வாசிப்பான். அதுவரை நான் தொடையில் தாளம் போடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.