லட்சம் கிலோமீட்டர் தாண்டிய கார்: இன்னோவாவா, டீசல் டிசையரா, பெட்ரோல் ஸ்விஃப்டா?

பழைய கார் பார்க்கப் போகும்போது எல்லோரும் முதலில் மீட்டரைத்தான் பார்க்கிறார்கள். வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்கள் அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: வண்டி இத்தனை வருஷம் எங்கே நின்றது? உப்புக்காற்றும், கன்டெய்னர் லாரிகள் குழியாக்கிய எண்ணூர் சாலையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளமும் வண்டியின் ஆயுளில் கணக்கு வைத்திருக்கின்றன.

முதலில் இன்னோவா. 2016-ல் கிரிஸ்டா வருவதற்கு முன் விற்ற பழைய மாடலைச் சொல்கிறேன். அதன் 2.5 லிட்டர் டீசல் என்ஜின் பிரிக்காமலே மூன்று லட்சம் ஓடும் என்று டிராவல்ஸ் வைத்திருப்பவர்கள் அடித்துச் சொல்வார்கள், நானும் நம்புகிறேன். ஆனால் அதில் வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் பெல்ட். காலத்தில் மாற்றாமல் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, பெரிய என்ஜின் வேலையில் கொண்டுபோய் விடும். மாற்றிய பில்லைக் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்து விலை பேசுங்கள். சாதாரண சர்வீஸுக்கே ஏழு லிட்டர் போல ஆயில் பிடிக்கும். டிசையருக்கு மூன்று லிட்டர் சொச்சம் போதும். டயரும் பெரிது. பழுது அபூர்வமாக வரும், வந்தால் பில் கனமாக வரும்.

டீசல் டிசையர்தான் அதிகம் யோசிக்க வைப்பது. உள்ளே இருப்பது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜின். பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் என்பதால் அந்தக் கவலை இல்லை. காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் எளிய வகை. சியாஸ், எர்டிகாவில் வந்த 90 குதிரைத்திறன் என்ஜினின் டர்போவைவிடச் சிக்கல் குறைவு. மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும், இதே என்ஜின் டாடா விஸ்டா, மான்ஸா, ஃபியட் புன்டோவிலும் ஓடியதால் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் சாமானுக்கு அலைய வேண்டியிருக்காது. சிக்கல் ஆயிலில். நேரத்துக்கு ஆயில் மாற்றாத வண்டியில் செயின் தளரும், டர்போ தேயும். டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் போனால் தெரு மெக்கானிக்கால் முடியாது, டீசல் பம்பு வேலை தெரிந்த கடைக்குத்தான் போக வேண்டும். இரண்டு லட்சத்துக்குப் பிறகு இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் எல்லாம் ஒரே வருஷத்தில் வரிசைகட்டினால் மைலேஜில் மிச்சம் பிடித்த காசு மொத்தமும் அங்கே போய்விடும். பெரம்பூரிலிருந்து பேசின் பிரிட்ஜ்வரை என்று கிட்டத்தில் மட்டும் போய்வரும் வண்டியில், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வும் கரி பிடிக்கும்.

பெட்ரோல் ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் என்ஜினைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, அதுவே அதன் பலம். செயின் உண்டு, டர்போ கிடையாது. போவதெல்லாம் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுண்டிங் போன்ற சஸ்பென்ஷன் சாமான்கள், அப்புறம் கிளட்ச். வியாசர்பாடியில் எந்த ஒர்க்ஷாப்பிலும் வேலை முடியும், செலவும் ஒவ்வொன்றாக வரும். மாதச் சம்பளக்காரர் தாங்கிக்கொள்ளலாம்.

துருவைப் பார்த்தால் வரிசை மாறுகிறது. இன்னோவாவுக்கு அடியில் பாடியைத் தாங்கும் தனி இரும்புச் சட்டம் (சேசிஸ்) உண்டு. மேலாகத் துருப் பிடித்தாலும் தட்டிச் சுரண்டிப் பூசிவிடலாம். ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் பாடிதான் சட்டமே. ஜாக்கி வைக்கும் இடமும் தரைத்தகட்டின் இணைப்பும் அரித்துவிட்டால் வெல்டிங் வைத்தாலும் பழைய பலம் வராது. காசிமேட்டில் கடலைப் பார்த்தே நின்ற ஸ்விஃப்டைவிட, கடலைவிட்டுத் தள்ளி கொளத்தூரில் நின்ற, இன்னும் அதிகம் ஓடிய ஸ்விஃப்டை நான் தயங்காமல் எடுப்பேன். வெள்ளத்தில் நின்றதா என்று தெரிய, சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துச் சேறு இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தகட்டைப் பாருங்கள். ஒயரிங் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் தண்ணீரில் நின்ற வண்டியாக இருக்கலாம்.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் நெருங்கினால் ஆர்.சி. புதுப்பிக்கும் செலவையும் சேருங்கள். 2022 ஏப்ரலில் கட்டணத்தை 5,000 ரூபாய் ஆக்கினார்கள், பசுமை வரி தனி.

நாலு பேர் குடும்பம், ஓட்டம் குறைவு என்றால் பெட்ரோல் ஸ்விஃப்ட். ஏழெட்டுப் பேர் ஊருக்குப் போய்வர வேண்டுமென்றால் பெல்ட் பில் உள்ள இன்னோவா. டீசல் டிசையர் தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கு மட்டும், அதுவும் சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருந்தால். அதைக் காலையில் போய்ப் பாருங்கள், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ண வேண்டாமென்று சொல்லிவையுங்கள். பானட் சூடாக இருந்தால் இன்னொரு நாள் போங்கள். செயின் சத்தம் ஆறிய என்ஜினில்தான் கேட்கும்.