4 ஜிபி ரேமில் லினக்ஸ் மின்ட்: அப்பாவின் லேப்டாப் பிழைத்த கதை

லேப்டாப் 2014-இல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம். விண்டோஸ் 11 இதை ஏறெடுத்தும் பார்க்காது, விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது. அப்பாவுக்குத் தேவை பேப்பர் படிப்பது, யூடியூப், அப்புறம் குடியிருப்போர் சங்கத்துக்குத் தமிழில் கடிதம் அடிப்பது, அவ்வளவுதான்.

அதனால் விண்டோஸுக்குப் பதிலாக இலவச ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் போட முடிவு செய்தேன். அதில் பல வகை உண்டு, முதலில் ஆன்டிஎக்ஸ் என்ற வகையைப் போட்டேன். லேசு என்றால் அப்படி ஒரு லேசு, திறந்ததும் 200 எம்பி பக்கம்தான் ரேம் எடுத்தது. ஆனால் மெனுவைப் பார்த்த அப்பா "என்னடா இது, பழைய ரிசர்வேஷன் கவுன்டர் கம்ப்யூட்டர் மாதிரி இருக்கு" என்றார். இரண்டே நாளில் லினக்ஸ் மின்ட் 22.2-க்கு மாறினேன், எக்ஸ்எஃப்சிஇ என்ற லேசான டெஸ்க்டாப் உள்ள பதிப்பு. இது சும்மா இருக்கும்போதே 800 எம்பி கேட்கிறது. பரவாயில்லை, ஸ்டார்ட் மெனு இருக்க வேண்டிய மூலையில் இருக்கிறது.

நிறுவுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ரூஃபஸ் என்ற மென்பொருளில் பென்டிரைவ் தயார் செய்து, அதிலிருந்து பூட் பண்ணி, 'கன்டினியூ' அழுத்திக்கொண்டே போனால் முடிந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. மொபைலை வயரில் செருகி, யூஎஸ்பி டெதரிங்கில் அதன் இன்டர்நெட்டைக் கொடுத்து, மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்ததும் வைஃபைக்கான டிரைவரை அதுவே தேடிப் போட்டுக்கொண்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பழைய ஹார்ட்டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியும் போட்டேன், இப்போது தெரியும் வேகத்தில் பாதிப் புண்ணியம் அதற்குத்தான். மீதி ரேமைத் தின்பது பிரவுசர். பத்து டேப் திறந்தால் எந்த லினக்ஸாக இருந்தாலும் திணறத்தான் செய்யும்.

என்னை உண்மையில் படுத்தியது தமிழ் டைப்பிங். கீபோர்டு செட்டிங்கில் தமிழ்99 விசைப்பலகை முறைக்கு 'தமிழ்நெட் 99' என்று ஒன்று இருக்கிறதே என்று சந்தோஷமாகச் சேர்த்தேன். அப்பா 'அம்மா' அடிக்க 'ம'வை இருமுறை தட்டினார், முதல் 'ம'வுக்குப் புள்ளி தானாக விழ வேண்டும், விழவில்லை. அது வெறும் விசை வரிசைதான், தமிழ்99-இன் புத்தி அதில் கிடையாது. பல மொழிகளில் டைப் செய்ய உதவும் ஐபஸ் எம்17என் பேக்கேஜைப் போட்டு, இன்புட் மெத்தடில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக் அவுட் செய்து திரும்பி வந்து தமிழ்99-ஐச் சேர்த்த பிறகுதான் ஒழுங்காக வந்தது. முதல் நாளே இதைச் செய்திருந்தால் ஒரு சாயங்காலம் மிச்சமாகியிருக்கும். யூனிகோடுக்கு முந்தைய பாமினி ஃபான்டில் அடித்த பழைய கடிதங்கள், வேர்டுக்குப் பதிலான லிப்ரெ ஆபீஸில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறந்தன, அந்த ஃபான்டை நிறுவியதும் சரியாகிவிட்டன.

அப்டேட் மேனேஜர் நச்சரிப்பதில்லை, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டில் வாரம் ஒரு ஸ்னாப்ஷாட் வைத்திருப்பதால் அப்பா சிஸ்டத்தில் எதையாவது கெடுத்தாலும் எனக்குப் பயமில்லை. 2029 வரை இந்த 22 வரிசைக்கு ஆதரவும் உண்டு.

தோற்றது பிரிண்டரிடம். பழைய லேசர் பிரிண்டர், அதற்கான டிரைவரை இரண்டு ராத்திரி முயன்றும் ஒரு பக்கம்கூட வரவில்லை, விட்டுவிட்டேன். அப்பா இப்போது கடிதத்தைப் பிடிஎஃப் ஆக்கித் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, சாயங்காலம் நடைக்குப் போகும்போது வாங்கி வருகிறார்.